இரண்டு கல்யாண நாளுக்கு நடுவில் பிறந்தவள்

1

எங்கள் வீட்டில் கல்யாண நாள் வருடத்துக்கு இரண்டு முறை வரும். முதலாவது வைகாசியில், இங்கே மலேசியாவில், கிள்ளானில் ஒரு கோயிலில் என் கழுத்தில் தாலி ஏறிய நாள். அன்றைக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம். இரண்டாவது, அதற்கு அடுத்த வருடக் கடைசியில், ஏர்கான் குளிரில் ஓர் அரசாங்க அறையில் மேசைமேல் குனிந்து கையெழுத்துப் போட்ட நாள். அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரரும், சாட்சிக்கு வந்த அவருடைய நண்பர்களும், என் இடுப்பில் ஒரு கைக்குழந்தையும்தான். அந்தக் குழந்தை லோஷினி. இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

வைகாசியில் நடந்ததுதான் கல்யாணம் என்று நானும் நினைப்பேன், நீங்களும் நினைப்பீர்கள். இந்த நாடு இரண்டாவதைத்தான் கல்யாணம் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் பிறந்த பிள்ளை, சட்டத்தின் கணக்கில் கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளை. அப்பா இந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அவருடைய குடியுரிமை அதற்கு வராது. அது அம்மாவோடு சேர்ந்தது. அம்மாவான நான் இந்தியாக்காரி. ஆனால் இந்தியாவிலும் அவள் பெயர் எங்கும் பதிவாகவில்லை. ஆகவே என் மகள் எந்த நாட்டுக்காரியும் இல்லை. இதை ஊருக்கு இத்தனை வருடமாக எழுதாமல் இருந்தேன். இன்று எழுதிவிட்டேன்.

இன்று அந்த இரண்டாவது கல்யாண நாள். காலையில் லோஷினி கையெல்லாம் மண்ணோடு சமையலறைக்கு வந்து, "மா, ஹேப்பி கவர்மென்ட் அன்னிவர்சரி" என்றாள். வருடா வருடம் செய்யும் கேலிதான். எப்போதும் சிரிப்பேன், இன்றும் சிரித்து வைத்தேன். அப்போதுதான் அறந்தாங்கியிலிருந்து என் அக்கா தேன்மொழி அனுப்பிய குரல் பதிவு போனில் வந்து சேர்ந்தது.

"அடியே கலை, ஒம்மவ போட்ட தோட்டத்த போட்டோவுல பாத்தேன்டி. பள்ளிக்கூடத்த முடிச்சோமா, லீவுல செடி கொடி வச்சோமா, அப்பா அம்மாவோட இருந்தோமான்னு எவ்ளோ நிம்மதியா இருக்கா! இங்க எம்மவளுக்கு மூச்சு விட நேரமில்ல. கோச்சிங்கு, டெஸ்டுன்னு ஓடிக்கிட்டே கெடக்கா. குடுத்து வச்சவடி ஒம்மவ."

அக்காவைக் குறை சொல்லமாட்டேன். அந்தப் படங்களை எல்லோருக்கும் அனுப்பியவளே நான்தான். பாகற்கொடி, வெண்டைக்காய், மண்வெட்டியோடு சிரிக்கும் மகள். பார்ப்பவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? படத்தில் தெரியாததை எழுதுகிறேன்.

2

முதல் சில மாதங்கள் அக்கா சொன்னபடியேதான் இருந்தோம்.

இங்கே பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சைக்கு எஸ்பிஎம் என்று பெயர். அது முடிந்த மறுநாள் லோஷினி சீருடையைத் துவைத்து மடித்து யாருக்கோ கொடுக்க எடுத்து வைத்துவிட்டு, வாசலில் போய் நின்றாள். நாங்கள் இருப்பது காப்பார் போகும் சாலையை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், வரிசை வீடு. கேட்டுக்கு உள்ளேயும், வெளியே சாக்கடை ஓரத்திலும் கொஞ்சம் மண் உண்டு. அதில் புல்லும் பக்கத்து வீட்டுப் பூனையும்தான் இருந்தன. "மா, இதுல ஏதாவது போடலாமா? ரிசல்ட் வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்கப் போறேன்" என்றாள்.

அங்கே உங்களுக்கெல்லாம் கோடை விடுமுறை. இங்கே கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. தினமும் வெயில், சாயங்காலமானால் இடி, மழை. செடிக்கு இதைவிட என்ன வேண்டும்? என் வீட்டுக்காரர் சந்திரன் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். உடைந்த மரப் பலகைகளை அங்கிருந்து கேட்டு வாங்கிவந்து பாத்தி கட்டிக் கொடுத்தார். மண் களிமண், வெட்டினால் மண்வெட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். எரு போட்டால்தான் ஆகும் என்றார்.

எரு என்றதும் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். காரணம், நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு கடையில் நடந்தது. கடைக்காரர் ஒரு மூட்டையைத் தட்டி, "தாய் ஆயாம், நல்ல தாய்" என்றார். எந்தக் கோழியின் தாய், அதை ஏன் மூட்டையில் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நான் பதறிப்போய்க் கேட்டேன். மலாயில் ஆயாம் என்றால் கோழி, தாய் என்றால் எச்சம். அதிலிருந்து என் பிள்ளைகளுக்கு அது தீராத விளையாட்டு. "பா, ஒரு மூட்டை தாய் வாங்கிட்டு வாங்க. வீட்டுல இருக்கிற தாய் பத்தாது" என்று லோஷினி கத்தினாள். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு துரத்தினேன்.

வெண்டை, பாகல், கத்தரி, சின்ன மிளகாய், தொட்டியில் கறிவேப்பிலை. அவர் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து யோசனை சொல்வார். தொட்டுச் செய்வது ஒன்றும் இருக்காது. சின்னவன் திவேஷ் ஒரு கையில் போனும் ஒரு கையில் குழாயுமாகச் செடியை விட்டுவிட்டு அப்பாவின் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவான். முதல் வெண்டைக்காய் பறித்த அன்று அதை நான்காக வெட்டிக் குழம்பில் போட்டு, ஆளுக்கொரு துண்டு என்று லோஷினி பரிமாறினாள். வாய்விட்டுச் சொல்கிறேன், இந்த நாட்டில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஏனென்றால் அந்த மாதங்களில் அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் லீவு. என் மகளும் அவர்களில் ஒருத்தி, அவ்வளவுதான்.

3

ரிசல்ட் வந்தது. நன்றாக எழுதியிருந்தாள். அவளோடு படித்தவர்கள் பலரையும் விட நன்றாக.

பிறகு ஒவ்வொருவராக வந்து கேட்டில் நின்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஒருத்தி பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்புக்கு, ஒருத்தி பாலிடெக்னிக்குக்கு, ஒருவன் நம் பிளஸ் டூ மாதிரியான ஆறாம் படிவத்துக்கு. லோஷினி எல்லோருக்கும் சிரித்துக் கையாட்டினாள். ஒவ்வொருவரிடமும் ஒரு பை மிளகாய் கொடுத்து அனுப்பினாள். அவளுக்கு எதிலும் இடமில்லை. ஐசி எண் இல்லாமல் எந்த விண்ணப்பமும் நகராது. ஐசி என்பது இங்கே அடையாள அட்டை. குடிமக்களுக்கு நீலம். என்னைப்போல் வந்து தங்க அனுமதி பெற்றவர்களுக்குச் சிவப்பு. என் மகளிடம் நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அதில் குடிமகள் அல்ல என்று மலாயில் எழுதியிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பொன்னி அக்கா இரவுச் சந்தைகளில் காய்கறி விற்பவர். நல்ல மனுஷி. ஒருநாள் காலையில் வேலி ஓரமாக வந்து, "பசியாறிட்டியா கலை?" என்று கேட்டுவிட்டு, செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த லோஷினியைப் பார்த்தார்.

"என்னா பிள்ள, நீ இன்னும் போகலயா? உங்கூட படிச்சதெல்லாம் ஹாஸ்டல் போயிடுச்சே."

"லீவுல இருக்கேன் ஆன்டி" என்றாள் லோஷினி, தலையை நிமிர்த்தாமல்.

"இன்னுமா லீவு?"

"ஆமா லா ஆன்டி. எனக்கு லாங் லீவு."

நான் உள்ளே போய் அடுப்படியில் அழுதேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அவளுக்கு அதே பதில்தான். லீவில் இருக்கிறேன். முடிகிற தேதி என்று ஒன்று இருந்தால்தானே அது லீவு?

ஏன் அப்போதே பதிவு செய்யவில்லை என்று கேட்பீர்கள். கேட்காதவர்கள் இல்லை. நாங்கள் ஏமாற்றவும் இல்லை, சோம்பேறியாக இருக்கவும் இல்லை. எல்லாம் ஓர் எழுத்தால் வந்தது. வெளிநாட்டுப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்ய, அவளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகவில்லை என்று அவள் ஊரிலிருந்து ஒரு சான்று வேண்டும். நம்ம தாசில்தார் அலுவலகத்தில் அதை "வீ. கலைச்செல்வி" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டில் நான் "கலைச்செல்வி வீரையா". நமக்கு இரண்டும் ஒருத்திதான். கவுன்டரில் இருந்தவருக்கு அது இரண்டு பெண்கள்.

"இந்த வீ யார்?"

"என் அப்பா."

"உங்கள் அப்பாவின் பெயர் ஒரே எழுத்தா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். இனிஷியல் என்றால் என்னவென்று நான் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்க, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரியான சான்று கொண்டுவாருங்கள் என்றார். திரும்ப அறந்தாங்கி, திரும்ப தாசில்தார், திரும்ப சென்னையில் முத்திரை. அதற்குள் நான் கர்ப்பம். மாமியார், கொழுந்தன், கோயில் ஐயர் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "தாலி கட்டியாச்சு லா, ஊரே பாத்துச்சு. பேப்பர் மெதுவா வரட்டும்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தாலி கழுத்தில் கிடக்கும்போது எந்தப் பெண்ணுக்குத் தன்னைக் கல்யாணமாகாதவள் என்று நினைக்கத் தோன்றும்? பேப்பர் மெதுவாகத்தான் வந்தது. பிள்ளை சீக்கிரம் வந்துவிட்டாள்.

திவேஷ் அதற்கு நான்கு வருடம் கழித்துப் பிறந்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயதானதும் நீல ஐசி எடுக்கப் போனோம். படத்துக்கு அவன் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் லோஷினிதான். அட்டை கைக்கு வந்ததும் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டேய், போட்டோல குரங்கு மாதிரி இருக்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

4

விண்ணப்பம் போடாமல் இல்லை. இருபத்தொரு வயதுக்குள் அரசாங்கம் விரும்பினால் குடியுரிமை கொடுக்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன்படி அவள் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோதே போட்டோம். பதில் வர வருடங்கள் ஆயின. வந்த பதில், இல்லை என்பது. காரணம் எதுவும் இல்லை. மறுபடியும் போட்டோம். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. லோரிக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, டெங்கில் வழியாக, அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயா போய்க் கேட்போம். அங்கே இருக்கிற பெண் நல்லவர்தான். என்னைக் "காக்" என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவார். "துங்கு, காக்" என்பார். துங்கு என்றால் காத்திரு. நான் முதலில் கற்றுக்கொண்ட மலாய் வார்த்தைகளில் அது ஒன்று. இப்போது அதைக் கேட்டால் அறையவேண்டும் போல் வருகிறது. யாரை என்றுதான் தெரியவில்லை.

விஷயம் தெரியாமலே தேன்மொழி அக்கா ஒருமுறை விளையாட்டாகக் கேட்டாள். "என்னடி பெரிய மலேசியா? புள்ளைக்கு நம்ம பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு இங்க கூட்டியாந்துரு." அதையும் விசாரித்தோம். பிறந்த ஒரு வருடத்துக்குள் நம் தூதரகத்தில் பதிந்திருக்க வேண்டுமாம். அவள் மலேசியப் பிள்ளை என்று நினைத்து நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போதும் டெல்லிவரை கேட்டு முயற்சி செய்யலாம், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் கிடைத்தால் அன்றோடு இங்கே போட்டிருக்கும் விண்ணப்பம் செத்தது. பிறந்து வளர்ந்த வீட்டில் அப்பாவையும் தம்பியையும் பார்க்க விசா வாங்கி வரவேண்டும், விருந்தாளி மாதிரி. இதை வீட்டில் பேசியபோது சந்திரன் எழுந்து போய் லோரியைத் துடைத்தார். துடைத்த லோரியையே திரும்பத் துடைத்தார்.

லோஷினி அறந்தாங்கியைப் பார்த்ததே இல்லை. பாஸ்போர்ட் இல்லாத பிள்ளை எங்கே போவாள்? என் அப்பா இறந்தபோது நான் தனியாக வந்ததைப் பார்த்து உறவுக்காரர்கள் சிலர் முகம் சுளித்தீர்கள். பேத்தியைக் கூட்டிவர உனக்கு மனமில்லையா என்று ஒருவர் கேட்டார். பரீட்சை இருக்கிறது என்று பொய் சொன்னேன். பரீட்சை எல்லாம் இல்லை. இதுதான்.

5

தோட்டம் என்னவோ நன்றாகவே வந்தது. நாங்கள் தின்று, தெருவுக்குக் கொடுத்து, அதற்கும் மேல் காய்த்தது. மிளகாயைப் பொன்னி அக்கா தன் கடையில் வைத்து விற்றுக் கொடுத்தார். லோஷினிக்கு முகம் மலர்ந்தது. தன் கையால் ஏதோ செய்கிறோம் என்ற ஒரு பிடிப்பு. "மா, பின்னாடி சந்துலயும் பாத்தி போடவா? நல்ல நாத்து செலாயாங் பாசார்ல கெடைக்குமாம். ஆன்டி விடியக்காலையில சரக்கெடுக்கப் போறாங்க. நானும் போயிட்டு வரேன்" என்றாள்.

நான் வேண்டாம் என்றேன். சந்திரன், "போகட்டும் கலை. வீட்டுக்குள்ளயே எவ்ளோ நாளைக்கு இருப்பா?" என்றார். பிறப்புச் சான்றிதழின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவள் பையில் வைத்தேன்.

செலாயாங்கில் அன்று காலை குடிநுழைவு அதிகாரிகளின் சோதனை. அந்தச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களில் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம். அதனால் அடிக்கடி வந்து எல்லோரிடமும் அட்டை கேட்பார்களாம். பொன்னி அக்கா நீல ஐசியைக் காட்டினார், விட்டுவிட்டார்கள். லோஷினி நகலைக் காட்டினாள். இது ஐசி இல்லை என்றார்கள். நான் கிள்ளானில் பிறந்தவள், இங்கேதான் படித்தேன் என்று அவள் மலாயில் சொன்னாள். என்னைப் போல் தட்டுத் தடுமாறிய மலாய் இல்லை, பரீட்சையில் முதல் தரம் வாங்கிய மலாய். அவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஆனாலும் உட்கார் என்றார்கள். பர்மாக்காரர்கள், வங்காளதேசக்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில், ஈரச் சிமென்டுத் தரையில், என் மகளும் உட்கார்ந்தாள்.

பொன்னி அக்கா போனில் அலறினார். "கலை, சந்திரன உடனே வரச் சொல்லு! பிள்ளய லோரில ஏத்திருவானுங்க போல இருக்கு!" நான் சந்திரனைப் போனில் பிடித்தேன். அவர் வேலையைப் பாதியில் விட்டு வந்து, வீட்டிலிருந்த சான்றுகளை எடுத்துக்கொண்டு ஓடினார். தன் ஐசி, எங்கள் கல்யாணச் சான்று, அவள் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் காட்டிக் கும்பிட்டுக் கேட்டிருக்கிறார். மதியத்துக்குமேல் ஒரு பெரிய அதிகாரி வந்து பார்த்துவிட்டு, அழைத்துப்போங்கள், அடுத்த முறை அசல் சான்றை வைத்திருங்கள் என்றாராம். மரியாதையாகத்தான் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்தவள் நேராகக் குளிக்கப் போனாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து, "பக்கத்துல உக்காந்திருந்த பர்மா அக்கா எனக்கு தண்ணி குடுத்தாங்க மா. உன் நாடு எதுன்னு கேட்டாங்க. எனக்கு சொல்லத் தெரியல" என்றாள்.

அன்றிலிருந்து அவள் கேட்டைத் தாண்டுவதில்லை. கடைக்குக்கூட இல்லை. சாக்கடை ஓரத்துச் செடிக்குத் தண்ணீர் விட வேண்டுமென்றாலும் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு குழாயை நீட்டுகிறாள். தேன்மொழி அக்கா பார்த்துப் பொறாமைப்பட்ட படங்கள் எல்லாம் அதற்குப் பிறகு எடுத்தவை.

6

இன்று மதியம் தலைநகரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் போனேன். பூக்கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன அறையில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகக் காசு வாங்காமல் வழக்குப் பார்க்கும் ஓர் இளம் வக்கீல் இருக்கிறார் என்று பொன்னி அக்கா யாரையோ கேட்டு விசாரித்துச் சொல்லியிருந்தார். கல்யாண நாளும் அதுவுமாக எதற்கு என்று சந்திரன் கேட்டார். இந்தக் கல்யாண நாளில்தான் போகவேண்டும் என்றேன். அவருக்கு லோரி. நான் தனியாக ரயில் ஏறினேன்.

அந்தப் பெண்ணுக்கு என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டார். இரண்டு கல்யாணத் தேதியையும் எழுதிக்கொண்டு, நடுவில் லோஷினி பிறந்த தேதியை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டார். இந்த மாதிரி நிறைய பார்த்திருக்கிறேன் என்றார். கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் பிறந்த அன்று இருந்த நிலைமையைத்தான் பார்ப்பார்கள், பிறகு பதிவு செய்தது உதவாது என்றார். விண்ணப்பத்துக்குக் காத்திருப்பதுதான் வழி. இருபத்தொன்று முடிந்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

"வேற ஒரு வழியும் இல்லையாம்மா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் செய்றேன்" என்றேன். என்ன கேட்கிறேன் என்று தெரியாமலே கேட்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் தயங்கினார். "ஒரு வகைப் பிள்ளைங்களுக்கு சட்டத்துல கதவு இருக்குக்கா. லேசு இல்ல, கேஸ் நடத்தணும். ஆனா கெடைச்சிருக்கு. ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போன பிள்ளைங்க, கோயில் வாசல்ல கண்டெடுத்த பிள்ளைங்க. அம்மா யாருன்னே தெரியாதவங்க."

மேசையைப் பிடித்திருந்த கையை எடுத்தேன்.

"உங்க மகளுக்கு அது பொருந்தாதுக்கா" என்றார் மெதுவாக. "அவங்களுக்கு அம்மா யாருன்னு தெரியுமே."

கிள்ளான் ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. லோஷினியின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அம்மாவின் பெயர் என்ற இடத்தில் என் பெயர் முழுதாக, ஒரு பிழையும் இல்லாமல் இருக்கிறது. வாழ்நாளில் ஒருமுறைதான் என் பெயரை யாரோ சரியாக எழுதியிருக்கிறார்கள். அவளைப் பெற்றபோது ஒரு நாளும் ஒரு இரவும் வலித்தது. பெற்று அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் இறங்கி வந்தேன். அன்றைக்கு அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால், எவளோ ஒருத்தியின் மகளாக, நீல அட்டையோடு, இந்நேரம் ஏதோ ஒரு கல்லூரியில் உட்கார்ந்திருப்பாளோ? இப்படி நினைத்தேன். நினைக்கக்கூடாது என்று தெரிந்தும் நினைத்தேன். பெற்றவளுக்கு இப்படி ஒரு நினைப்பு வரலாமா என்று உங்களில் யாராவது கேட்டால், கேளுங்கள்.

தாமானுக்குள் நுழையும்போது மழை விட்டிருந்தது. லோஷினி வாசலில் கொடிக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுக்கயிற்றைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"மா!" என்றாள்.

நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். என்னம்மா என்று சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. யாரையோ கூப்பிடுகிறாள், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் தெருவைப் பார்த்தேன். அவளைப் பெறாதவளாக இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன்.

"மா!" என்று திரும்பக் கூப்பிட்டாள். இந்த முறை குரலில் பயம் இருந்தது.

கயிற்றைப் போட்டுவிட்டு, எத்தனையோ நாளாகத் தாண்டாத கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். மண் கையால் என் கையைப் பிடித்தாள்.

"என்னா மா, கூப்புட்டுகிட்டே இருக்கேன். காது கேக்கலயா?"

"கேட்டுச்சும்மா" என்றேன்.